வராதவர்கள் ஒன்பது பேர்

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? காரியம் இருந்தால்தான் அண்ணனுக்கு எழுத வரும் என்பாய். இதுவும் அப்படித்தான். நம் மாவட்டம் இரண்டு வருடமாக வாசிப்புத் தேர்வில் தரத்தை எட்டவில்லை. இந்த முறையும் தவறினால் ஆறு பள்ளிகளை மூடுவார்கள். உன்னுடையதும் அதில் ஒன்று. கல்வி அலுவலகத்தில் என் நாற்காலியும் ஆடுகிறது. தேர்வுக்கு வராத பிள்ளைகளைச் சதவீதத்தில் சேர்ப்பதில்லை. உன் நான்காம் வகுப்பில் தேறாதவர்கள் யாரென்று உனக்கே தெரியும். மேலே நான் எழுத வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.

உன் அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேர்வுக்கு முந்தின நாள் தேறாத ஒன்பது பேரிடம், "நாளைக்கு உங்களுக்கு லீவு" என்றேன். எட்டுப் பேர் குதித்துக்கொண்டு ஓடினார்கள். தையல்காரம்மாவின் மகள் மட்டும் தேர்வன்று வந்துவிட்டாள். வாயாடி என்று சொல்வேனே, அவள்தான். பேச்சில் ஊரையே விற்றுவிடுவாள், புத்தகத்தைத் திறந்தால் திக்குவாள். அதற்கென்று அரசு அனுப்பிய வாசிப்பு டீச்சரிடம் தினமும் படித்து வந்தாள். தலையைப் படிய வாரி, இரண்டு பென்சிலைச் சீவி எடுத்து வந்திருந்தாள்.

"வாசிப்பு டீச்சர்கிட்ட ஒரு பக்கம் முழுசா படிச்சிட்டேன் டீச்சர். நானும் எழுதறேன்."

நெற்றியைத் தொட்டு, "உடம்பு சுடுதுடி, வீட்டுக்குப் போ" என்றேன். நெற்றி சில்லென்று இருந்தது. அவளும் தொட்டுப் பார்த்தாள். "ஆமா டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் தங்கை

மே 11

அன்புத் தங்கைக்கு,

தேறிவிட்டோம்! இரண்டு சதவீதம் கூடுதல். பள்ளிகள் பிழைத்தன. இனியாவது நன்றாகச் சாப்பிடு. ஒரு விஷயம் மட்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்குத்தான் வாசிப்பு ஆசிரியர்களைத் தருவார்கள். நாம்தான் தேறிவிட்டோமே, அதனால் ஜூன் முதல் உன் பள்ளி வாசிப்பு டீச்சரை வேறு மாவட்டத்துக்கு அனுப்புகிறார்கள். மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அண்ணன்

ஜூன் 30

அண்ணா,

வாசிப்பு டீச்சர் எங்கே என்று வாயாடி கேட்டாள். "நீங்க எல்லாரும் நல்லா படிச்சிட்டீங்கன்னு போயிட்டாங்க" என்றேன்.

"நான் எழுதவே இல்லையே டீச்சர்."

நேற்று கல்வி வாரியத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். ஒன்பது பேரையும் தேர்வுக்கு வரவிடாமல் நானாகவே நிறுத்தினேன் என்று. உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உன் கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன், பயப்படாதே.

தங்கை

ஆகஸ்ட் 8

அன்புத் தங்கைக்கு,

அன்பு என்று எழுதக் கை கூசுகிறது. உன்னைப் பணியிலிருந்து நிறுத்திவைக்கும் உத்தரவு என் மேஜைக்குத்தான் வந்தது. உறவு என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கினால் தோண்டுவார்களோ என்று பயந்து கையெழுத்துப் போட்டேன். "கூடப் பொறந்த தங்கச்சின்னுகூடப் பாக்கலையே சார், நேர்மைன்னா இதுதான்" என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மார்ச் தேர்வின் முடிவை ரத்து செய்துவிட்டார்கள். பள்ளிகளுக்கு இன்னும் ஒரு வருடம் அவகாசம் தந்திருக்கிறார்கள். வாசிப்பு டீச்சர் திரும்பி வந்துவிட்டார். மறுதேர்வைப் பார்வையிட உன் பள்ளிக்கு நான்தான் போனேன். ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். வாயாடி எழுந்து, "எங்க டீச்சர் என்ன சார் தப்பு பண்ணாங்க?" என்றாள். வினாத்தாளை அவள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதேன். மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. நீ வாய் திறக்காத வரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

அண்ணன்