குவைத் டப்பா

காட்டுப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி ராஜசேகரனுக்கு,

அண்ணி ஹேமாவதி எழுதுகிறேன். அங்கே வெயிலிலும் வேலையிலும் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் அண்ணன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் உங்களோடு பேசுவார். என் போனையும் இப்போது எடுத்துப் பார்க்கிறார். அதனால் நாளை குவைத்துக்கு விமானம் ஏறும் நம் தெரு எத்திராஜ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காவ்யா பரீட்சைக்குப் படிக்கிறாள். தெருவில் கால்வாய்க்குத் தோண்டியதை இன்னும் மூடவில்லை.

போன மாதம் அண்ணனுக்கு இரண்டு காலும் வீங்கின. செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. இடுப்பு வலிக்கு நாம் எப்போதும் பார்க்கும் பூந்தமல்லி டாக்டர் தேவிப்பிரியாவிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்று வந்தது. நான் கொடுத்த மாத்திரைக்கு இப்படி ஆகாதே, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் இவர். வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார் டாக்டர். மெடிக்கல் கடையில் வலிக்கென்று காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் செட்டு மாத்திரைகூடப் பையில் இருந்தது. நீங்கள் குவைத்திலிருந்து அனுப்பும் வலி மாத்திரை டப்பா மட்டும் இல்லை.

அதைப் பற்றி நான்தான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் முன்னாலேயே இவர் என் மேல் பாய்ந்தார். “அது இன்னா மருந்தா? எந்தம்பி ஆசையா வாங்கி அனுப்புறான். அதையும் கணக்குல சேப்பியா நீ?” பொய் சொல்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை தம்பி. நீங்கள் அனுப்பும் சோப்பு, தைலம் மாதிரி அதுவும் ஒன்று. டாக்டர் மாத்திரைக்கு மேலே, ஷிப்டுக்குப் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று.

டாக்டர் திட்டவில்லை. வலி முழுவதும் போகாது, பத்தில் எட்டாக இருப்பதை நாலுக்குக் கொண்டுவரலாம், அந்த நாலோடு நடக்கவும் தூங்கவும் பழகலாம் என்றார்.

“அந்த நாலை நீயே வச்சிக்க டாக்டரம்மா” என்றார் இவர்.

“வச்சிக்கிறேன் சார். நீங்க கிட்னிய வச்சிக்குங்க” என்றார் அவர்.

டப்பா மாத்திரையும் கடை மாத்திரையும் அறவே கூடாதாம். இப்போது நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், இல்லையென்றால் டயாலிசிஸ்தான். தினமும் நடை, பிசியோதெரபி, ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை. அது மனச்சோர்வுக்குக் கொடுப்பது என்று கம்பெனியில் யாரோ சொல்ல, “என்னை மெண்டல்னு நெனைச்சிகினாங்களா?” என்று தூக்கி எறிந்தார். டாக்டரைக் கேட்டேன். குறைந்த அளவில் அது நரம்பு வலிக்கும் கேட்குமாம். இப்போது போட்டுக்கொள்கிறார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மிச்சமிருந்த குவைத் மாத்திரையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்திருந்தார். எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. “உங்கம்மாவ சோறு போடச் சொல்லு” என்று காவ்யாவிடம் சொல்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

வியாழக்கிழமை மாடியில் நின்று உங்களோடு பேசினார். அன்று மட்டும் ஸ்பீக்கர் இல்லை. உங்களோடு அங்கே இருக்கும் ராகேஷ் அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது இரண்டு டப்பா கொடுத்தனுப்பு, அண்ணிக்குத் தெரியவேண்டாம் என்றது துணி எடுக்கப் போன என் காதில் விழுந்தது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வலி மட்டும் காரணமாக இருந்தால் டாக்டரே பார்த்துக்கொள்வார். திருமழிசை கம்பெனியில் அன்று நீங்கள் இருவரும்தான் அந்த இரும்பு அச்சைத் தூக்கினீர்கள். அது நழுவியபோது முழுப் பாரமும் அவர் இடுப்பில் இறங்கியது. யார் கை நழுவியது என்று அவர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நீங்கள் குவைத் போய்ச் சேர்ந்த கையோடு முதல் டப்பா வந்தது. வேண்டாம் என்றால் உங்கள் மனசு என்ன ஆகுமோ என்றுதான் அவர் விழுங்குகிறார் என்று எனக்குப் படுகிறது. யார் கை என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

நான் சொன்னால் சண்டை. டாக்டர் சொன்னால் கிண்டல். நீங்களே கூப்பிட்டு, இனிமேல் அனுப்பமாட்டேன் அண்ணே என்று சொல்லுங்கள். கத்துவார். கத்தி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதீர்கள்.

ஏதாவது அனுப்பத்தான் வேண்டும் என்றிருந்தால் ராகேஷிடம் ஒரு சட்டை கொடுத்தனுப்புங்கள். பழைய அளவு வேண்டாம், தோள் இளைத்துவிட்டது. பையைத் திறந்ததும் டப்பாவைத்தான் தேடுவார். சட்டை மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்கக் கூடாது தம்பி.

நீங்கள் நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும். வெறுங்கையோடு வந்தாலும் அவருக்கு நீங்கள் தம்பிதான்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி
ஹேமாவதி