ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசல்

ஜலஜா,

"சாப்பாட்டு மேஜை பூரா உங்க பொம்மை ரயில்! நான் எங்கே உட்கார்ந்து சாப்பிடறது?" என்று நேற்று கத்தினாய். காலையில் பார்த்தால், தண்டவாளத்தின் பக்கத்தில் நான் வைத்த குட்டி ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டைச் சுற்றி உன் கைவேலை: பற்பசை மூடியில் துளசி மாடம், பச்சை நூலில் பூசணிக்கொடி. எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. நன்றி சொல்ல வந்தால் நீ காளிகாட் கோயிலுக்குப் போய்விட்டாய்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். அந்த வீட்டு வாசலில் தூசி என்று நினைத்து பிரஷ்ஷால் தட்டினேன். பாதி போன பிறகுதான் அது கோலம் என்று தெரிந்தது.

எதிர்வீட்டு வங்காளி அண்ணி, நம் பௌதி, கொடுத்த சந்தேஷ் இனிப்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆபீஸ் கிளம்புகிறேன்.

ராகவன்

பி.கு.: பாதித் தண்டவாளத்தைக் கழற்றி, மேஜையில் உனக்குத் தட்டு வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு கோலத்தை முடித்துவிடு. அதுவரை நம் ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பாது.