எதிர்வீட்டுக் காரின் நட்டுகள்

அக்டோபர் 14

பத்து கிலோமீட்டருக்கு 0.49 லிட்டர். போன வாரத்தைவிடக் குறைவு. இந்த ஊரில் என்னளவு சிக்கனமாக யாரும் கார் ஓட்டுவதில்லை. அடுத்த மாதம் தேவாலயக் கூடத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், தலைப்பே ‘பெட்ரோலை மிச்சம் பிடிப்பது எப்படி’.

எதிர்வீட்டு குன்னெலின் காருக்குப் பனியில் வழுக்காத குளிர்கால ஆணி டயர் மாட்ட அவள் மகளின் கணவன் எம்ரிக் வந்திருந்தான். சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன், குறை கண்டுபிடிக்கத்தான். ஒன்றும் அகப்படவில்லை. துருவைத் தேய்த்தான், நட்டுகளை எதிரெதிராக முறுக்கினான், இறுக்க எண்ணை வைத்து முறுக்கும் அளவு ஸ்பேனர் ஒவ்வொரு நட்டுக்கும் ‘டக்’ என்று சொல்லும்வரை விடவில்லை.

எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை முறுக்க வேண்டும். ஓட ஓடச் சக்கரம் அமர்ந்து நட்டு தளரும். எம்ரிக் நாளை வடக்கே சுரங்க வேலைக்குக் கிளம்புகிறான், வர இரண்டு வாரம். “மறுமுறுக்கு உங்க பொறுப்பு ஹில்டிங்,” என்றான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவனிடம் சொல்கிறான்!

அக்டோபர் 21

குன்னெல் காரோடு வந்தாள். டயரை அழுத்திப் பார்த்தேன், நான்கிலும் காற்று குறைவு. “இப்படி ஓட்டினா பெட்ரோலும் போகும், டயர் ஓரமும் தேயும்,” என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. நான்கிலும் காற்றடித்தேன். பின்பக்கம் திறந்தால் குப்பென்று வாடை. பனி தள்ளும் மெஷினுக்கு வாங்கிய பெட்ரோல் கேன், மூடி சரியாக மூடாமல், போர்வைக்கு அடியில்! நன்றாகத் திட்டிவிட்டு என் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு காப்பி, என் மனைவி சோல்வேக் சுட்ட ஏலக்காய் ரொட்டி, இன்னும் கொஞ்சம் என் உபதேசம்.

கிளம்பும்போது கேட்டாள்: “நட்டெல்லாம் முறுக்கியாச்சு இல்ல?”

“ஆச்சு ஆச்சு,” என்றேன்.

ஆகவில்லை. அவள் கேட்ட அந்த நொடியில்தான் ஞாபகமே வந்தது. ஸ்பேனர் நிலவறையில் கிடந்தது. இவ்வளவு பேசிவிட்டு ‘மறந்துட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? நாளை அவளுக்குத் தெரியாமல் முறுக்கிவிடுவேன்.

அக்டோபர் 22

மழை. அவள் கார் வாசலில்தான் நிற்கிறது. நாளைக்கு.

அக்டோபர் 23

ஸ்பேனரோடு வாசல்வரை போனேன். ஜன்னலிலிருந்து கையசைத்தாள். நானும் கையசைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். என்ன மனிதன் நான்?

அக்டோபர் 24

காலை பத்தரைக்கு சோல்வேக் ஓடிவந்து சொன்னாள். பல் மருத்துவரிடம் போகும் வழியில் குன்னெலின் காரிலிருந்து முன் இடது சக்கரம் கழன்றுவிட்டது. கார் பள்ளத்தில். அவளுக்கு இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இல்லையாம். கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 27

குன்னெல் கையில் கட்டோடு வந்தாள், இன்னொரு கையில் ஆப்பிள் கேக். எனக்கு!

“என் சக்கரமே என்னை முந்திட்டுப் போச்சு ஹில்டிங், பார்த்துட்டே இருந்தேன்,” என்று சிரித்தாள். “காரோட அடி ரோட்டுல உரசி அப்படித் தீப்பொறி. தீயணைப்புக்காரர் சொன்னாரு, பின்னாடி பெட்ரோல் கேன் இருந்திருந்தா கதையே வேறன்னு. நீ எடுத்து வச்சதால பொழைச்சேன்.”

சோல்வேக் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கேக்கை முட்கரண்டியால் பொடித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப்பின் குன்னெல் சொன்னாள்: “அந்த எம்ரிக் வேலைக்கு லாயக்கில்ல. நீ வேற மறுபடி முறுக்கியிருக்க. அப்பவும் கழண்டுச்சுன்னா என்ன லட்சணத்துல மாட்டியிருப்பான்! இனி என் பேத்தி அவன் கார்ல ஏறக் கூடாதுன்னு மகள்கிட்ட சொல்லிட்டேன்.”

“பாவம், அவன்...” என்று இழுத்தேன். மேலே சொல்லாமல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன். வாயைத் திறக்கத் தெரியாதவனா நான்?

நவம்பர் 2

0.47. இதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. எழுதவே கூசுகிறது.

நவம்பர் 9

கூட்டம். நாற்பது பேர் இருக்கும். டயர் காற்று, சீரான வேகம், கூரைமேல் காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரியாமல் இருப்பது, பெட்ரோல் கேனை எங்கே வைப்பது — எல்லாம் பேசினேன். முடிவில் குன்னெல் எழுந்து கேன் கதையைச் சொன்னாள். கைதட்டினார்கள். தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்தபோது எம்ரிக் தனியாக நின்றிருந்தான். மெலிந்திருந்தான்.

“ஒண்ணு கேட்கலாமா? நீங்க ஸ்பேனரை எத்தனைல வச்சு முறுக்கினீங்க?”

“நூத்திப்பத்து.”

“நானும் நூத்திப்பத்துதான்.” கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தான். “அப்ப துருவைச் சரியாத் தேய்க்காம விட்டிருக்கேன் போல. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. பிள்ளைக்கு அவ அம்மா கார்ல சீட் பெல்ட் போடுறப்ப இப்பல்லாம் மூணு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.”

அவன் தன்னையே நம்பாமல் போய்விட்டான். என்னால்தான். அப்போதும் நான், “குளிருது, உள்ள போப்பா,” என்றுதான் சொன்னேன். த்தூ.

நவம்பர் 10

ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் தூங்கவில்லை. விடிந்ததும் சோல்வேக்கிடம் சொன்னேன். “என்கிட்ட எதுக்குச் சொல்ற? எதிர்வீட்டுக்குப் போ,” என்றாள்.

போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நிலையிலேயே நின்று சொன்னேன். நட்டை நான் தொடவே இல்லை. கேட்டதற்குப் பொய் சொன்னேன். இரண்டு நாள் உன் கார் எதிரிலேயே நின்றது, அப்போதும் செய்யவில்லை.

குன்னெல் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“மறந்ததை விடு,” என்றாள். “அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் காரை எடுத்திருக்கவே மாட்டேனே. உனக்கு அவ்வளவு கௌரவமா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

போனை எடுத்து எம்ரிக்கின் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள். “நீயே சொல்லு. அப்புறம் நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். அதையும் உன்னாலதான் கேட்கணும்.”

சொன்னேன். “அப்ப நான் சரியாத்தான் மாட்டினேனா?” என்று கேட்டான். அழுகிறான் என்று தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 12

குன்னெல் வந்து கொட்டகையிலிருந்து தன் கேனை எடுத்துப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 19

எம்ரிக் தன் காரில் குன்னெலின் பேத்தியை ஏற்றிக்கொண்டு வந்தான். ஜன்னலில் இருந்து விலகி நின்றேன்.

பிப்ரவரி 3

அவள் வாசல் பனியைத் தள்ளிவிட்டு வந்தேன். நன்றியும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

ஏப்ரல் 18

பனி போய்விட்டது. போன வாரம் என் காருக்குக் கோடை டயர் மாட்டினேன். எதிர்வீட்டில் எம்ரிக் மாட்டினான். அங்கே என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடுவார்கள் என்று நினைக்கவும் இல்லை.

இன்று என் கார் எண்பது கிலோமீட்டர் ஓடி முடித்தது. கடையிலிருந்து வந்து காரை நிறுத்தும்போது குன்னெல் வீதியைத் தாண்டி வந்தாள். கையில் புத்தம்புது அளவு ஸ்பேனர். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு:

“முறுக்கியாச்சான்னு உன்கிட்ட கேட்கப் போறதில்ல. தள்ளி நில்லு.”

என் காரின் சக்கரத்தருகே குனிந்தாள். இடது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, அதனால் வலது கையால் அழுத்தினாள். உதவப் போனேன், முறைத்தாள். கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சக்கரத்துக்கு ஐந்து. இருபது டக்கையும் எண்ணினேன்.

எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு, “சோல்வேக் காப்பி போட்டிருக்காளா?” என்றாள்.