எட்டுக் கட்டில் போட்ட வீடு

மார்ச் 3
குளியலறைக் கதவை இன்று கழற்றினார்கள். சக்கர நாற்காலி நுழைய வேண்டுமாம், சுவரையும் ஒரு சாண் இடிக்கிறார்கள். "தூசி பறக்கும்மா, உள்ள போய் உக்காருங்க" என்றார் மேஸ்திரி. எந்த உள்ளே? எல்லா அறையிலும் ஆள் நிற்கிறார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இடிக்கிற சத்தத்தில் மனசுக்கு ஏதாவது ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 9
பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள்: "இருக்கிற ஒரே வீட்டையும் டிரஸ்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே, பைத்தியமா உங்களுக்கு?" சிரித்துவைத்தேன்.
என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொள்ள இந்தப் பக்கம் ஓர் இடம் கிடையாது. கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். "நான் போனப்புறம் நம்ம வீட்டையே அப்படி ஒரு இடமா ஆக்கிடு" என்றார். ஆக்குகிறேன். பின்பக்க அறையில் நானும் ஒரு மூலையில் இருந்துகொள்வேன்.

மார்ச் 10
மகள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 22
டிரஸ்டின் செயலாளர் வரைபடத்தோடு வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் வகுப்பில் நிற்பது போலத்தான் பேசுவார். மொத்தம் எட்டுக் கட்டில். பின்பக்க அறையில் இரண்டு.
"நான் எங்க சார்?"
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நீங்க பொண்ணு வீட்டுக்குப் போறீங்கன்னுல்ல நெனச்சோம்."
மாசக்கணக்கா எதிரும் புதிருமா உக்காந்து டீ குடிச்சிருக்கோம். வழுக்காத ஓடு எந்த நிறத்துலன்னு ஒரு நாள் முழுக்கப் பேசியிருக்கோம். இதை மட்டும் ரெண்டு பேரும் வாயத் திறந்து கேக்கல. ச்சே.

மார்ச் 29
தானாக நடக்க, குளிக்க, உடுத்த முடியாதவர்களுக்குத்தான் கட்டில். அதுதான் விதி. நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு சரி என்றால் எனக்கும் ஒன்று உண்டாம்.
மகள் சொல்கிறாள்: "கொஞ்சம் நொண்டித்தான் நடயேம்மா. யாரு கேக்கப்போறா?"

ஏப்ரல் 4
கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னாள் நர்ஸ். எழுந்தேன். ஒரு சட்டையைக் கொடுத்துப் பொத்தான் போடச் சொன்னாள். போட்டேன். காலையில் நொண்டுவதாகத்தான் முடிவு பண்ணியிருந்தேன். நடக்கச் சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடிக்க வந்தாள் பாருங்கள், ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று வாசல்வரை போய்த் திரும்பினேன்.
"நல்லா இருக்கீங்கம்மா" என்றாள், துக்கம் விசாரிக்கிற குரலில்.
போயும் போயும் இதிலா நான் தேற வேண்டும்?

ஏப்ரல் 6
"சமையலுக்கு ஆள் தேடறோம். அந்தக் கணக்குல நீங்க இங்கயே தங்கிக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.
"கல்யாணம் ஆனதுலேருந்து சமைச்சாச்சு சார். போதும்."

ஏப்ரல் 20
எதிர்ச் சாரியில் தையல் கடைக்கு மேலே ஓர் அறை. வாடகைக்கு எடுத்துவிட்டேன். மகள் குதித்தாள். உன் ஹாலில் டிவிக்குக் கீழே படுக்க என்னால் முடியாது என்றேன். அழுதாள். எனக்கு வரவில்லை. அவர் போனதிலிருந்தே வரவில்லை. மரத்துப் போச்சு.

மே 18
எட்டும் நிரம்பிவிட்டது. ஹாலில், அவர் படுத்திருந்த இடத்தில், யாரோ ஒரு கிழவர். இங்கிருந்து கை மட்டும் தெரிகிறது.

மே 27
துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 8
இன்று போனேன். பழக்கதோஷத்தில் கால் நேராக உள்ளே போகப் பார்த்தது. பணிப்பெண் மறித்தாள். புதியவள், மரியாதையாகத்தான் கேட்டாள்: "யாரைப் பாக்கணும்மா?"
யாரைன்னு சொல்றது? என் வீடுன்னா? இப்ப இல்லையே. வந்த வழியே திரும்பினேன்.
உள்ளேயிருந்து அந்தக் கிழவரின் குரல்: "என்னைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. உள்ள விடு."
பஸ் ஓட்டியவராம். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. வந்த நாளிலிருந்து பார்க்க யாருமே வரவில்லை என்று பிறகு அந்தப் பெண் சொன்னாள்.
பக்கத்தில் போய், "நீங்க யாருன்னு தெரியலியே" என்றேன்.
"எனக்கு மட்டும் தெரியுமா? உக்காருங்க."
உட்கார்ந்தேன். டீ வந்தது. டம்ளரைப் பிடித்துக் கொடுத்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 19
மகள் போன். அப்புறம் பேசுகிறேன், பார்வையாளர் நேரம் ஆகிவிட்டது என்றேன்.
"அங்க உனக்கு யாரு இருக்கா?"
"நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.