சலவை இயந்திரத்தில் ஓர் ஓட்டை

லேண்டர், வயோமிங்
ஜூலை 3, 1988

அன்புத் தங்கை ட்வைலாவுக்கு,

அலாஸ்காவில் மீன் வெட்டி வெட்டி உனக்கே செதில் முளைத்திருக்கும். இங்கே உன் மகள் ரென் என்னைப் படுத்தும் பாடு தனி. பத்து வயதுக்கு என்ன வாய்!

ரென்னுக்குச் சுடக் கற்றுக் கொடுக்கத் துப்பாக்கி வாங்கிவிட்டேன். "ரிவால்வர்தான் வாங்கணும், உருளையத் திறந்தா ஆறு ஓட்டையிலயும் குண்டு இருக்கா இல்லையான்னு பிள்ளை கண்ணுக்கே தெரியும்" என்றாய். அது தாத்தா காலத்துச் சாமானம், தாயே! நான் பிஸ்டல் வாங்கினேன். அதே சின்ன .22 ரகக் குண்டுதான், சுட்டால் கையை உதைக்காது. குண்டுகள் அடுக்கிய மேகசினைப் பிடியிலிருந்து உருவினால் முடிந்தது வேலை.

நான் அதைத் தொடும்போதெல்லாம் ரென், "மாமா, உள்ள பாத்தாச்சா?" என்கிறாள். நான் வாத்தியாரா, அவள் வாத்தியாரா?

உன் அண்ணன்
ஆரின்

ஜூலை 14

ட்வைலா,

பதறாதே. யாருக்கும் அடியில்லை. ரென்னுக்குக் கொஞ்சம் கவனம் தப்பிவிட்டது, குண்டு பாய்ந்து சலவை இயந்திரத்தில் ஓர் ஓட்டை. இனி என் சட்டைக்குக் காற்றோட்டத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளையைத் திட்டாதே.

ஆரின்

கோடியாக், அலாஸ்கா
ஜூலை 26

அண்ணா,

திட்டாமல் எப்படி இருப்பேன்? அவளுக்கு நாலு பக்கம் எழுதினேன். "உன்னை நம்பினது என் தப்பு" என்றுகூட எழுதிவிட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "சரிம்மா. மாமாவைத் திட்டாதே."

நான் உன்னைத் திட்டவே இல்லையே அண்ணா. அவள் ஏன் அப்படி எழுதுகிறாள்?

ட்வைலா

ஆகஸ்ட் 4

ட்வைலா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சுட்டது நான்.

அன்று ரென் சலவை இயந்திரத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காலுறை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மேகசினை உருவி மேசையில் வைத்தேன். "மாமா, உள்ள பாத்தாச்சா?" என்றாள். "அடி போடி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் மான் சுட்டவன்" என்று சொல்லி, அவளைச் சிரிக்க வைக்க விசையை இழுத்தேன். குழலுக்குள் ஏறியிருந்த ஒரு குண்டு மேகசினோடு வெளியே வராது. இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

குண்டு அவள் முழங்காலிலிருந்து ஒரு அடி தள்ளிப் போனது.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றாள். "நான் எழுதிக்கிறேன்" என்றேன். எழுதியதைத்தான் நீ படித்தாய். உன் நாலு பக்கத்தையும் என் எதிரே உட்கார்ந்துதான் படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல மாமா, அப்பம் ஆறுது, சாப்பிடு" என்றாள்.

பிஸ்டலைக் கொடுத்து நீ சொன்ன ரிவால்வரை மாற்றி வாங்கி வந்தேன். தினமும் காலையில் அவள் முன்னால் உருளையைத் திறந்து வைக்கிறேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீ திரும்பி வந்ததும் அவளை இனி என்னிடம் விடுவதா என்று நீயே முடிவு செய். நான் கேட்க மாட்டேன். அவளுக்கு மட்டும் இன்னொரு கடிதம் போடு.

ஆரின்

பி.கு: உறையில் போடுமுன் ரென்னிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலை எடுத்தாள். மேலே "ஒரு அடி" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் "நாலு விரல்" என்று எழுதியிருப்பது அவள்தான். அவள் சொல்வதே சரி.