சொந்த அணுக்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை, நீ நலமாக இருந்தே தீரவேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ செருமினால் பக்கத்து அறையிலிருந்தும் அதே செருமல் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

போன வருஷம் ஜெர்மனி ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்து உன் மச்சானுக்கு எலும்பு மஜ்ஜை கொடுத்தாயே, ஜெர்மன் மொழியில் அந்த மஜ்ஜைக்கு ‘மார்க்’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மார்க்கே வாங்காதவன் மார்க் தானம் செய்கிறானே என்று நான் சிரித்ததற்கு, அந்த வலியிலும் என் தலையில் குட்டினாய். அந்த ஆஸ்பத்திரி அனுப்பும் ஜெர்மன் அறிக்கைகளை இங்குள்ள டாக்டருக்காக நான்தான் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன். ஊரார் நோயையெல்லாம் மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவளுக்கு வீட்டு நோயை வெளியே கொடுக்க மனசு வரவில்லை.

முதல் அறிக்கையில், அவர் ரத்தத்தில் இருப்பதெல்லாம் உன் அணுக்கள், அவருடையது ஒன்றுகூட இல்லை என்று இருந்தது. அதுதான் நல்ல சேதி என்றார் டாக்டர். பிறகு வேர்க்கடலை தின்று அவர் உதடு வீங்கியது, உனக்கு வீங்குமே அதேபோல. அப்படியும் நடக்குமாம். சரி. ஆனால் உன்னைப்போலவே செருப்பைக் கழற்றிச் சுவரைப் பார்க்க வைப்பது? பல் தேய்த்துக்கொண்டே வீடெல்லாம் நடப்பது? போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து, முட்டைக்கண்ணி என்று கூப்பிட்டார். சத்தியமாக, நீ எனக்கு வைத்த அந்தப் பெயரை நான் அவரிடம் சொன்னதே இல்லை. நீ சொன்னாயா? சொல்லாவிட்டாலும் சொன்னேன் என்று எழுது. கட்டிய புருஷன் பக்கத்தில் படுக்கவே கூசுகிறது அண்ணா. கூடப்பிறந்தவன் ரத்தம் ஆயிற்றே. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த வாரம் புது அறிக்கை வந்தது. அதில் ‘ஐகென்’ என்று ஒரு சொல். நம் மொழியில் சொந்தம். அவருடைய சொந்த அணுக்கள் கூடிவருகின்றன என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனுஷன் திரும்பி வருகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்தேன். அன்றைக்கே அவரும் செருப்பை வாசலில் தாறுமாறாக உதறிவிட்டு, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குத் தெரியாமல் கடலை தின்றிருக்கிறார். உதடு வீங்கவில்லை.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். சொந்த மஜ்ஜை தேறிவருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, ஜெர்மனில் தேறுகிறது என்றா இருக்கிறது என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். கூடுகிறது என்றுதான் இருந்தது. தேறுகிறது என்பது நானாகப் போட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட என் இஷ்டத்துக்கு மாற்றியவள் இல்லை நான். டாக்டர் மெதுவாகச் சொன்னார், இவர் விஷயத்தில் சொந்த அணு திரும்புகிறது என்றால் நோய் திரும்புகிறது என்று அர்த்தமாம்.

அவர் இப்போது கூடத்தில் பழையபடி விசிலடித்துக்கொண்டே பேப்பர் படிக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. எனக்கு அந்த விசிலைக் கேட்கப் பயமாக இருக்கிறது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

உன் ரத்தத்திலிருந்து மறுபடி அணுக்கள் எடுத்து ஏற்றினால் ஒரு வழி உண்டாம். லீவு இல்லை, ஊசி என்றால் பயம் என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. உடனே வா. வந்து அவரை விரட்டிவிட்டு நீ உட்கார்ந்துகொள். கூசாமல் இருக்க நான் பழகிக்கொள்கிறேன்.

இரண்டு உடம்பிலும் நீ நூறு வயசு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை