டாக்குரியாவில் தெரிந்த பெண்

டாக்குரியா, கொல்கத்தா
11 ஜனவரி 2025

அன்புள்ள ஹரீஷ்,

நீ, ஷியாமளா, குட்டி எல்லோரும் சௌக்கியமா? போனில் சொன்னால் பாதியில் "ஒரு நிமிஷம்க்கா, இன்னொரு கால் வருது" என்று போய்விடுவாய். இங்கிலீஷில் மெயில் எழுதினால் எனக்கே ஆபீஸ் வேலை பார்ப்பது போல் இருக்கிறது. அதனால் அம்மா சொல்லிக்கொடுத்த தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

பெங்களூர் கம்பெனி ஒன்றில் சீனியர் மொபைல் ஆப் டெவலப்பர் வேலைக்கு இண்டர்வியூ நடந்துகொண்டிருக்கிறது. கடைசி ரவுண்டு மட்டும்தான் பாக்கி. சந்தோஷமாக எழுத வேண்டிய விஷயம், ஆனால் வயிற்றெரிச்சல்தான் வருகிறது. போன ரவுண்டில் ஒரு பையன், "சிக்னல் போயிட்டா உங்க ஆப் என்ன பண்ணும்?" என்று கேட்டான். கரியாஹாட் புடவைக் கடைக்காரர் லோக்கல் டிரெயினில் போகும்போது ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவாகி, அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தியதைச் சொன்னேன். அதை எப்படிச் சரி செய்தேன் என்பதையும் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு ஒரு பேர் இருக்கு மேடம், தெரியுமா?" என்கிறான். பெயரையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தலையாட்டினான்.

அவனையாவது மன்னிக்கலாம். பக்கத்தில் இருந்த பெண், "மூணு வருஷம் வேலைல கேப் இருக்கே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள். அம்மாவுக்கு டயாலிசிஸ் பண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு அம்மாவுக்குக் காரியம் பண்ணினோம், பிறகு அப்பா பாத்ரூமில் விழுந்தார், இதற்கு நடுவில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஊரார் கடைகளுக்கு ஆப் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. "ஃபேமிலி ரீசன்ஸ்" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னதற்காக இன்னும் என் மேலேயே கோபமாக இருக்கிறது.

இந்த வேலை எனக்கு வேண்டும் ஹரீஷ். இதுவும் போனால் அடுத்த முறை இடைவெளி நான்கு வருஷம் ஆகிவிடும், அப்புறம் என் பெயரைப் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். முதல் ஆறு மாதம் பெங்களூரில் இருக்க வேண்டும், அதன் பிறகு வீட்டிலிருந்தே செய்யலாமாம். அப்பா இப்போது கைத்தடியோடு லேக் வரைக்கும் நடக்கிறார். அந்த ஆறு மாதத்துக்கு அவர் உன் வீட்டில் இருக்க முடியுமா என்று யோசித்து வை.

இன்னொரு விஷயம். கடைசி ரவுண்டு எடுப்பவர் பெயர் நரேன். சென்னையில் உன் பழைய ஆபீசில் இருந்தவர் என்று இன்டர்நெட்டில் பார்த்தேன். தயவுசெய்து சிபாரிசு எதுவும் செய்யாதே. தம்பி சொல்லிக் கிடைத்த வேலை என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

*

மடிப்பாக்கம், சென்னை
14 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். உன் கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். எனக்குத் தமிழ் டைப் பண்ண வராது, ஷியாமளாதான் உதவி செய்கிறாள்.

நரேனிடம் நானாக எதுவும் சொல்ல மாட்டேன், கவலைப்படாதே. ஆனால் நீயும் கொஞ்சம் நிதானமாக யோசி. பெங்களூர் இப்போது முன்பு மாதிரி இல்லை. வீடு கிடைப்பது கஷ்டம், டிராபிக்கில் பாதி உயிர் போகும். அப்பாவுக்கும் உன் கைச் சாப்பாடு பழகிவிட்டது. இங்கே இரண்டு பெட்ரூம், ஒன்றில் குட்டி படிக்கிறாள். லிஃப்ட் வேறு அடிக்கடி மக்கர் பண்ணும். அவரால் மூன்று மாடி ஏற முடியுமா சொல்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாப் பக்கமும் பார்த்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். கொல்கத்தாவிலேயே, செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனிகள் பக்கம் ஏதாவது பார்க்கலாமே. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
ஹரீஷ்

*

டாக்குரியா
31 ஜனவரி 2025

ஹரீஷ்,

வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசி ரவுண்டு நன்றாக நடந்தது. நரேன் தன்மையான மனிதர். நான் எழுதிய ஆப்பைத் தன் போனிலேயே போட்டுப் பார்த்திருந்தார். "இன்டர்நெட்டை அணைச்சுட்டு ஆர்டர் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுகூட நழுவலை" என்றார். முக்கால் மணி நேரம் வேலையைப் பற்றி மட்டுமே பேசினோம். எத்தனை நாளாயிற்று தெரியுமா, ஒருவர் என்னிடம் மாத்திரை, ரத்தப் பரிசோதனை தவிர வேறு எதையாவது கேட்டு?

இன்று காலை ஒரு வரி மெயில். "தற்சமயம் பொருத்தமாக இல்லை." புடவையா எடுக்கிறார்கள், பொருந்தவில்லை என்று மடித்து வைக்க? எந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னேன், அதைச் சொல்லட்டும். படித்துவிட்டுப் போகிறேன். மெயிலைப் படித்ததும் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். கீழ்வீட்டு சாதனா பௌதி பதறிப்போய், "கி ஹொலோ ரே?", என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே ஏறி வந்துவிட்டார். கை தவறிவிட்டது என்று சொன்னேன்.

காரணம் கேட்டு நரேனுக்கே எழுதியிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்காமல் விட என்னால் முடியவில்லை.

அக்கா

*

மடிப்பாக்கம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

படித்து மிகவும் வருத்தப்பட்டேன். விட்டுத் தள்ளு. இந்தக் கம்பெனிகளே இப்படித்தான், உள்ளுக்குள் ஆளை முடிவு செய்துவிட்டு வெளியே நாடகம் போடுவார்கள். நடப்பதெல்லாம் நல்லதுக்கே என்று எடுத்துக்கொள்.

நரேனுக்கெல்லாம் எழுதியிருக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டால் இந்தத் துறையில் பெயர் கெட்டுவிடும். இனிமேல் அவரைத் தொடர்புகொள்ளாதே.

இன்று அங்கே சரஸ்வதி பூஜை அல்லவா. தெருப் பந்தலில் கிச்சுடிப் பிரசாதம் வாங்கி அப்பாவுக்குக் கொடு, பிடிக்கும். உனக்கு ஒரு புதுப் போன் வாங்கி அனுப்பலாம் என்று ஷியாமளா சொல்கிறாள். எந்த நிறம் வேண்டும்?

ஹரீஷ்

*

டாக்குரியா
10 பிப்ரவரி 2025

ஹரீஷ்,

நரேன் இன்று என்னைக் கூப்பிட்டார்.

நான் காரணம் கேட்டு எழுதியது அவர் மனதை உறுத்தியதாம். "உங்க வேலையில ஒரு குறையும் இல்லை. எல்லாரும் ஓகே சொன்னாங்க. ஆனா நீங்க கொல்கத்தாவை விட்டு வர முடியாதுன்னு தெரிஞ்சுது, அதனாலதான்" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லையே, யார் சொன்னது என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார்: "என் பழைய ஃப்ரெண்டு ஒருத்தர், ஹரீஷ்னு. கொல்கத்தாத் தமிழர்தான். உங்களைத் தெரியுமான்னு கேட்டேன். டாக்குரியாவில தெரிஞ்ச பொண்ணு, நல்லா வேலை செய்வாங்க, ஆனா வீட்ல வயசான அப்பா, அவங்களால நகர முடியாது, வந்தாலும் பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்கன்னார். மரியாதையாத்தான் சொன்னார், தப்பா எடுத்துக்காதீங்க."

டாக்குரியாவில் தெரிந்த பெண். ஒரே தொட்டிலில் கிடந்தோமடா. உனக்கு டைஃபாய்டு வந்தபோது பரீட்சைக்குப் போகாமல் உன் தலைமாட்டில் உட்கார்ந்தவள் நான். "வயசான அப்பா" என்றாயே, அவர் யாருக்கு அப்பா?

நரேனுக்கு எப்படிச் சந்தேகமே வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். இங்கே ஸ்கூலில் சேர்க்கும்போது "டைட்டில் கி?" என்று குடும்பப் பெயர் கேட்டு, அப்பா பெயரை நம் இருவர் பெயருக்கும் பின்னால் முழுசாக ஒட்டிவிட்டார்கள். சாட்டர்ஜி, முகர்ஜி மாதிரி நாம் விஸ்வநாதன்கள் ஆனோம். நீ சென்னைக்குப் போனதும் அதை ஒரு 'வி' ஆக்கி முன்னால் வைத்துக்கொண்டாய். அங்கே எல்லோரும் அப்படித்தான் என்றாய். சரிதான் என்று விட்டேன். பிரியம்வதா விஸ்வநாதனும் வி. ஹரீஷும் ஒரே வீடு என்று யாருக்குத் தோன்றும்? அது உனக்கு இவ்வளவு வசதியாகிவிட்டது.

புதுப் போனுக்கு நிறம் கேட்டாயே, அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிகிறது. என் கழுத்தை அறுத்துவிட்டு ரத்தம் துடைக்கத் துண்டு அனுப்புகிறாய். அதை எழுதும்போது உனக்குக் கொஞ்சம்கூடக் கை கூசவில்லையா?

நரேனிடம் நீ என் தம்பி என்று நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. "அவர் சொன்னது உண்மையில்லை. என்னைக் கேட்டிருந்தால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். அவர்கள் எடுத்த ஆள் இன்னும் சேரவில்லையாம். திரும்பப் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

நீ போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். எழுத்தில் சொல்.

பிரியம்வதா

*

மடிப்பாக்கம்
12 பிப்ரவரி 2025

அக்கா,

இதை ஷியாமளாவுக்குத் தெரியாமல் நானே தட்டித் தட்டி எழுதுகிறேன்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. உன் வேலையைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னேன். அவரேதான் கேட்டார், நானாகப் போகவில்லை. தம்பி சிபாரிசு வேண்டாம் என்று நீதானே எழுதினாய்? அதனால்தான் உறவைச் சொல்லவில்லை. அப்பாவை விட்டு உன்னால் இருக்க முடியாது என்று உண்மையாகவே நினைத்தேன். அம்மா போனபோது நீ இருந்த நிலையைப் பார்த்தவன் நான்.

சரி, முழுசாகச் சொல்கிறேன். எனக்குப் பயம். அப்பா இங்கே வந்தால் என்னால் சமாளிக்க முடியாது. ஷியாமளாவும் நானும் வீட்டில் பேசிக்கொள்வதே குறைவு. அதற்கு நடுவில் அவர் வந்து உட்கார்ந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். உனக்குக் குடும்பம் என்று தனியாக இல்லை, நீ பார்த்துக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன். நீயும் இத்தனை வருஷம் முடியாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

உன் காலில் விழுந்து இரண்டு விஷயம் கேட்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லாதே, தாங்க மாட்டார். நான் உன் தம்பி என்று நரேனிடமும் சொல்லாதே. அடுத்த மாதம் சேருகிற மாதிரி அவர் மூலமாக ஒரு வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

ஹரீஷ்

*

டாக்குரியா
27 பிப்ரவரி 2025

ஹரீஷ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நாள் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. பெங்காலியில் வேறு வந்தது.

எனக்குக் குடும்பம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அம்மா, அப்பா, நீ என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் என்ன நடத்தினேன் என்று நினைத்தாய்? உன் வீட்டில் பேச்சு இல்லை என்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முன்பே சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். அதற்காக என் வழியை அடைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? முடியாது என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம். சரி, இப்போது சொல்கிறேன், என்னால் முடியாது.

அப்பாவிடம் நீ செய்ததைச் சொல்லவில்லை. உனக்காக இல்லை, அவருக்காக. எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தால் ஆறு மாதம் ஹரீஷ் வீட்டில் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவன் கூப்பிட்டானா?" என்றார். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலையில் அவரே, "சாதனா வீட்டுக்கு ஒரு ஆயா வருதே, அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கும் வருமான்னு கேளு" என்றார். கேட்டேன். வருகிறாள். எனக்காகச் சமாளித்துக்கொள்கிறாரா, உன்னால் மனசு விட்டுப்போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும், அவரைக் கூப்பிட வேண்டியவன் நீதான். உன் சார்பில் நான் பேச மாட்டேன்.

நீ கேட்ட இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நரேன் கூப்பிட்டார். அவர்கள் எடுத்த ஆள் வரவில்லை, இப்போது முடிவு அவர் கையில். ஆனால் ஒரு தயக்கம் இருந்தது. "நேராவே கேட்கிறேன். ஹரீஷ் பொய் சொல்ற ஆள் இல்லை, எனக்கு நல்லாத் தெரியும். அவர் ஏன் அப்படிச் சொல்லணும்? உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது பகையா?" என்றார்.

பகைதான் என்று சொல்லியிருக்கலாம். யார் என்றே சரியாகத் தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். நீ சொன்னாயே, அதைப் போல.

"இல்லை, ஹரீஷ் என் கூடப் பிறந்த தம்பி" என்றேன்.

"அப்போ அந்த வயசான அப்பா அவருக்கும் அப்பாதானே!" என்றார். பிறகு, எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் வண்டி ஏறுகிறேன்.

அக்கா